ஃப்ரன்ட் லோடு மெஷின் துணியைக் கிழிக்கிறதா?

துணியில் சின்னச் சின்ன ஓட்டையோ, நூல் இழுத்த கோடோ தெரிந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு டிரம்மின் உள்பக்கம் முழுக்கத் தடவுங்கள். பிசிறு இருந்தால் சாக்ஸ் அங்கே மாட்டும். சின்னப் பிசிறு என்றால் நைசான உப்புத்தாள் போதும்.

அப்புறம் கதவு ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள். ஊக்கு, காசு, ஹேர்பின், உள்ளாடைக் கம்பி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிரம்மின் விளிம்பைக் கையால் தூக்கினால், வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஆடுகிறதா? பேரிங் போயிருக்கலாம், அது மெக்கானிக் வேலைதான்.

சேலை, துப்பட்டாவை வலைப்பையில் போடுங்கள். ஜிப்பை மூடிவிடுங்கள். டிரம்மை அடைக்காமல் மேலே ஒரு கையகலம் இடம் விடுங்கள்.

துணி பிழியும் ஸ்பின் வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்று எதற்கு? வேலூர் வெயிலுக்கு 800 வைத்தாலே மொட்டைமாடியில் சீக்கிரம் காய்ந்துவிடும், துணியும் நையாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் துணி விறைத்துப்போகும், டிரம்மிலும் உப்பு படியும். டிரம்மைக் காலியாக வைத்து, உப்புப் படிவம் நீக்கும் பவுடர் போட்டு அவ்வப்போது சுடுதண்ணீரில் ஓட்டிவிடுங்கள்.