கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

வயதான பிறகு தினமும் நடந்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறோம். நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் பத்தாது. நடுத்தர வயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தொடை தளர்ந்ததும் நாற்காலியை விட்டு எழக் கை தானாகப் பிடிமானம் தேடும். அது ஒரு அறிகுறி.

இதற்கு ஒரு நாற்காலி போதும். சக்கரம் இல்லாததாக, சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்திலும் பலன் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். முதலில் 5 முறை, பழகியதும் 10. மூச்சைப் பிடிக்க வேண்டாம். முடியாவிட்டால் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். தலைசுற்றலோ மூட்டு வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு தசைப் பயிற்சி 2 நாள், சமநிலைப் பயிற்சி 3 நாள் சொல்கிறது. சமநிலைக்கு, பல் தேய்க்கும்போது ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள்.

அப்புறம் மனசு. தனியாகச் செய்தால் பத்தாம் நாள் சோம்பல் வந்துவிடும். பேரப்பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றைக்கூட விடமாட்டார்கள்!