எகனாமிக்கா, எகனாமிகலா? குழப்பம் தீர ஒரு வழி

எகனாமிக், எகனாமிகல். ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல். ஆங்கிலத்தில் இப்படி ஜோடியாகத் திரியும் அட்ஜெக்டிவ்கள் நிறைய. 'இகல்' என்று முடிந்தால் இன்ன பொருள் என ஒரு சூத்திரம் இருந்தால் வசதிதான், ஆனால் இல்லை. அதனால் பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்.

முதலில் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் எகனாமிக், அதன் கீழே பாலிசி, கிரைசிஸ், குரோத். வலப்பக்கம் எகனாமிகல், அதன் கீழே கார், பைக். 1991-ல் இந்தியா கொண்டுவந்தவை எகனாமிக் ரிஃபார்ம்ஸ், அதாவது பொருளாதாரம் சார்ந்தவை. பெட்ரோலை அதிகம் குடிக்காத பைக் எகனாமிகல், சிக்கனமானது.

அடுத்து, எழுதியதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எகனாமிகல் கிரைசிஸ்' என்றால் 'சிக்கனமான நெருக்கடி' ஆகிவிடும். சிரிப்பு வந்தால் சொல்லை மாற்றிவிடுங்கள்.

ஹிஸ்டாரிக் விஷயத்தில் மட்டும் இந்தச் சோதனை காலை வாரும். இரண்டுக்குமே 'வரலாற்று' என்றுதான் நமக்கு வாயில் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. செய்தித்தாள் பாணியில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று நீட்டிச் சொல்ல முடிந்தால் ஹிஸ்டாரிக். 1969 ஜூலை 20-ல் மனிதன் நிலவில் இறங்கியது அப்படிப்பட்டது. வெறுமனே வரலாற்றைச் சேர்ந்தது என்றால் ஹிஸ்டாரிகல். சரித்திர நாவல் ஹிஸ்டாரிகல் நாவல்தான். நூறு வருடத்துக்கு முந்தைய வரி ரசீதுகூட ஹிஸ்டாரிகல் டாக்குமென்ட் ஆகலாம்; அதை ஹிஸ்டாரிக் என்றால் ரொம்ப அதிகம்.

கவனித்தீர்களா? 'துறை சார்ந்த' என்ற பொருள் அங்கே 'இக்' பக்கம் இருந்தது, இங்கே 'இகல்' பக்கம் தாவிவிட்டது. சூத்திரம் இல்லை என்று சொன்னது இதனால்தான்.

கிளாசிக் சுலபம். கர்நாடக இசை கிளாசிகல் மியூசிக். எத்தனை வருடம் போனாலும் சலிக்காத படம் கிளாசிக். அப்புறம் எலக்ட்ரிக் ட்ரெயின், எலக்ட்ரிகல் இன்ஜினியர். மின்சாரத்தில் ஓடும் குறிப்பிட்ட பொருளுக்குப் பெரும்பாலும் எலக்ட்ரிக், பொதுவான வகைக்கு எலக்ட்ரிகல். இந்த ஜோடியில் எல்லை கொஞ்சம் கலங்கல்தான், ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசிப் படி, அட்வெர்ப். எகனாமிக், எகனாமிகல் இரண்டுக்கும் ஒரே அட்வெர்ப்தான்: எகனாமிகலி. பேச்சில் 'எகனாமிக்லி' என்று சுருங்கிக் காதில் விழும். எழுதும்போது ஏ, எல், எல், ஒய் நான்கையும் விடாதீர்கள். பப்ளிக் மட்டும் அடங்காத ஆள். அதற்குப் பின்னால் எல், ஒய் மட்டும் போட்டால் போதும்.