இம்ப்ரஷனிச பாணியில் பூச்சாடி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீயூனியன் தீவின் தலைநகர் சேன்-தெனியின் சின்னச் சந்தையில் ஒரு கட்டு செண்டுமல்லி வாங்கி வந்து ஜாடியில் வைத்த கையோடு, பென்சிலை எடுத்து இதழ் இதழாக வரையத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். முதல் தவறு அதுதான். இம்ப்ரஷனிசம் நுணுக்கத்தைவிட, வெளிச்சமும் வண்ணமும் கண்ணில் படும் விதத்தைத் தூரிகைத் தீற்றல்களால் பிடிக்கிற பாணி. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இதழெல்லாம் மறைந்து, வெளிச்சம் விழும் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டு திட்டுகள்தான் நிற்கும். வண்ணம் முதலில் அங்கே போகட்டும். இதழுக்குக் கடைசியில் நாலைந்து தீற்றல் போதும்.

அடுத்தது, நிழலுக்குக் கறுப்பு கலப்பது. மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் பாசிப் பச்சையாகிவிடும், பூ அழுகினாற்போல் இருக்கும். செண்டுமல்லியை உற்றுப் பாருங்கள்: இதழ் இடுக்கில் இருப்பது காவி கலந்த சிவப்பு. ஜன்னலில் வானம் தெரிந்தால், மேசையில் விழும் நிழலில் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் வந்தால் இரண்டுமே எடுப்பாகத் தெரியும். செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

ஓவியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைச் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி, அங்கே அந்தப் பக்கம் நேர் வெயில் பெரும்பாலும் விழாது. ரீயூனியன் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 21 டிகிரியில். ஆண்டின் பெரும்பகுதி வெயில் இங்கே வடக்கிலிருந்துதான் வரும், வடக்கு ஜன்னலில் வைத்த பூவின் நிழல் வரைய வரைய நகர்ந்துகொண்டே இருக்கும். நமக்குத் தெற்கு ஜன்னல்தான். டிசம்பரை ஒட்டி மட்டும் அங்கேயும் காலை, மாலை வெயில் எட்டிப் பார்க்கும், அப்போது நடுப்பகலில் வரையலாம்.

வைத்த தீற்றலைத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஈர எண்ணெய் வண்ணம் கலங்கிச் சேறாகிவிடும். தீற்றலை அப்படியே விட்டுவிடும் துணிச்சலைப் பார்க்கப் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. 1895இல் பிரெஞ்சு ஓவியர் செசானின் முதல் தனிக் கண்காட்சியை நடத்திய ஓவிய வணிகர் அம்ப்ருவாஸ் வொல்லார் சேன்-தெனியில் பிறந்தவர். அவர் சேர்த்த படங்களில் சிலவற்றை அவருடைய தம்பி லூசியன் 1947இல் இங்குள்ள லெயோன் டியர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தப் படங்களின் முன் நிற்க வாய்த்தால் கிட்டே போய்த் தீற்றலைப் பாருங்கள், அப்புறம் நாலடி பின்னால் வந்து பாருங்கள்.

பூவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். செம்பருத்தி ஒரே நாளில் சுருண்டுவிடும், மறுநாள் தொடர முடியாது. பழகுகிறவர்களுக்கு ஆந்தூரியம் நல்லது, பல நாள் வாடாமல் நிற்கும். அதன் மினுமினுப்பை மட்டும் வெறும் வெள்ளையால் போடாதீர்கள். அங்கே தெரிவது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வானம், அந்த நிறத்தையே கலந்து வையுங்கள்.