பின் டிரம்மில் கசிவு: சிலிண்டர் வாங்கும் முன் ஒரு சொட்டு சோதனை

பழைய டாடா 407 போன்ற ஆயில் பிரேக் வண்டிகளில் பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்ததும், பலர் நேராகக் கடைக்குப் போய் வீல் சிலிண்டர் (பிரேக் ஆயில் அழுத்தத்தில் பிரேக் கட்டைகளை டிரம்மோடு தள்ளும் உருளை) வாங்கி வந்துவிடுகிறார்கள். கசிவது எந்த ஆயில் என்று பார்ப்பதே இல்லை. அது பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம், ஆக்சில் வழியாக வரும் கிரவுன் ஆயிலாகவும் (பின் ஆக்சிலின் பல்சக்கரங்களுக்கு ஊற்றுவது) இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், கிரவுன் ஆயில் படலமாக மிதக்கும். மோந்து பார்த்தாலும் தெரியும்: கிரவுன் ஆயிலில் கந்தக நாற்றம் அடிக்கும்.

கிரவுன் ஆயில் என்றால் அதைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) மாற்றுவார்கள், கொஞ்ச நாளில் மறுபடி கசியும். சீல் மட்டமான சரக்கு என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பல வண்டிகளில் ஆக்சில் ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் (உள்காற்று வெளியேறும் சிறு துளை) சேற்றில் அடைத்துக் கிடக்கும். ஓட ஓட உள்ளே சூடாகிக் காற்று விரியும். வேறு வழியில்லாமல் சீலைத் தாண்டி ஆயிலையும் தள்ளிக்கொண்டு வரும். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்கக் காசே ஆகாது. சக்கரத்தைத் தாங்கும் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

சரி, கசிவது பிரேக் ஆயில்தான் என்றால்? சிலிண்டருக்குள் ரப்பர் கிட் மட்டும் போட்டு முடிப்பது அடுத்த தவறு. சிலிண்டரின் உள்சுவரில் துரு அரித்த குழி நகத்தில் தட்டுப்பட்டால் புது ரப்பரும் நிற்காது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பரை டீசலில் கழுவாதீர்கள், சாதாரண கிரீஸும் தடவாதீர்கள். ஊதிப்போய் உள்ளே இறுகிக்கொள்ளும். புது பிரேக் ஆயிலைத் தடவி மாட்டினால் போதும்.

ஆயில் குடித்த லைனிங்கை (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைப்பதை நானும் செய்திருக்கிறேன். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். நாலு தடவை பிரேக் பிடித்துச் சூடானதும் ஊறியது வெளியே வரும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். மழையில் அப்படி வண்டி இழுத்தபோது வந்த நடுக்கம் லைனிங் விலையை விடப் பெரிது. அப்புறம், ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம் தூசியைக் கம்ப்ரெசரால் ஊத வேண்டாம், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். டிரம் கழற்றியிருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதிப்பது எல்லோரும் செய்வது. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பழசாக இருந்தால், அதில் ரப்பர் வழக்கமாகப் போய்வராத பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். அங்கே போனால் ரப்பர் கிழியும். பின் பிரேக்குக்காக வந்தவர் மாஸ்டர் சிலிண்டருக்கும் சேர்த்துச் செலவழிப்பார். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.