பேனாவா, விசைப்பலகையா? கட்டுரைத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கணினியில் பயிற்சி, தேர்வறையில் பேனா. கட்டுரைத் தேர்வில் மதிப்பெண்ணைக் கரைக்கும் முதல் தவறு இதுதான். எதில் எழுதப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள்.

வேகத்தை அளப்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். அச்சிட்ட பத்தியைப் பார்த்து நிமிடத்துக்கு 40 சொல் தட்டுபவர், யோசித்து எழுதும்போது அதில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம். பழைய வினா ஒன்றை எடுத்து 10 நிமிடம் நிறுத்தாமல் பேனாவால் எழுதிச் சொற்களை எண்ணுங்கள். மறுநாள் வேறு வினாவுக்குத் தட்டச்சில். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால், அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள்.

தட்டச்சில் திருத்துவது சுலபம். அதை நம்பிக் குறிப்பெடுக்காமல் தொடங்கினால், முதல் பத்தியை அழித்தழித்து எழுதுவதிலேயே 20 நிமிடம் போய்விடும். 60 நிமிடக் கட்டுரை என்றால் 8 நிமிடம் குறிப்புக்கு, 45 எழுதுவதற்கு, 7 வாசித்துத் திருத்துவதற்கு என்று வைத்துக்கொள்ளலாம். பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் அதன் முதல் வரியை மறுபடி படியுங்கள். 'மேற்சொன்ன காரணம்' என்றிருக்கும், மேலே காரணமே இருக்காது.

தட்டச்சுக் கட்டுரை அழகாகத் தெரிவதால் மதிப்பெண் கூடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஈ.டி.எஸ். தேர்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கட்டுரையைக் கையெழுத்திலும் தட்டச்சிலும் மதிப்பிட்டபோது தட்டச்சுப் பிரதிக்கே சராசரி மதிப்பெண் குறைந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதே: அச்செழுத்தில் பிழை பளிச்சென்று கண்ணில் படும், கையெழுத்தில் பக்கத்தை நிறைத்த விடை அங்கே அரைப் பக்கமாகச் சுருங்கிக் காட்சியளிக்கும். தேர்வு மென்பொருளில் பிழைதிருத்தி பெரும்பாலும் இருக்காது; பயிற்சியிலும் அதை அணைத்துவிடுங்கள்.

பேனாவில் எழுதுவோர் தொடக்கத்திலேயே இறுக்கிப் பிடித்து, அழுத்தி எழுதுகிறார்கள். மூன்று மணி நேரத் தேர்வில் கடைசி விடைக்கு வருவதற்குள் விரல் வலித்து எழுத்து சிதைகிறது. வேகத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலாகும், புள்ளிகள் விடுபடும். வாரத்துக்கு ஒருமுறையாவது முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பார்க்காமல் கைக்கு அந்தத் தெம்பு வராது. தவறான சொல்லின் மேலேயே எழுதாதீர்கள். ஒற்றைக்கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பத்திகளுக்கிடையே இரண்டு வரி விடுங்கள். பிறகு நினைவுக்கு வரும் சான்றுக்கு அந்த இடம் உதவும்.