கிணற்றுத் தண்ணீருக்குச் சுடுநீர்த் தொட்டி பூட்டுதல்

50 லீற்றர் தொட்டியில் தண்ணீரே 50 கிலோ. பொள்ளுக்கல் (உள்ளே வெற்றிடமுள்ள கல்) சுவரில் றோல் பிளக் (திருகாணி இறுக்கும் பிளாஸ்டிக் செருகி) தாங்காது. கொங்கிறீற்றில் எக்ஸ்பான்சன் போல்ற் (துளைக்குள் விரிந்து இறுகும் போல்ற்) அடியுங்கள்.

குளிர்நீர் நுழையும் இடத்தில் பாதுகாப்பு வால்வு, அம்புக்குறி தொட்டிப் பக்கம். சூடாகும்போது அது சொட்டுவது பழுதல்ல, விரியும் தண்ணீருக்கு வழி. வால்வின் அந்தச் சொட்டு வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். சுடுநீர்ப் பக்கம் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாய். எர்த்தும், மின்கசிவில் மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். சுடுநீர்ப் பைப்பில் தண்ணீர் காற்றில்லாமல் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெறும் தொட்டியில், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ற் எரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் பெரிய எதிரி கிணற்றுத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. எலிமென்றில் படிந்தால் சூடாகத் தாமதமாகும், தொட்டி இரையும். 60 பாகைக்கு மேல் வைத்தால் படிவு கூடும். ஆண்டுக்கொருமுறை மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, வடித்து, எலிமென்றை வினாகிரியில் ஊறவையுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியக் கம்பி மெலிந்திருந்தால் மாற்றுங்கள்.