நடுக்கோடை மூலிகைத் தேன்: நுரைக்காமல், புளிக்காமல் ஊறவைக்கும் முறை

வட அரைக்கோளத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூன் 20 அல்லது 21-ஐ ஒட்டி வரும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் அதை அடுத்து வரும் ஜூன் 23 மாலையும், திருமுழுக்கு யோவானின் திருநாளான 24-ம் தேதியும் மூலிகை பறிப்பதற்கென்றே பெயர்பெற்ற நாட்கள். லாட்வியாவில் 23 லீகோ, 24 யாணி என்ற விழாக்கள். வீடெல்லாம் பூவும் தழையும்தான். ஸ்வீடனில் ஏழு வகைப் பூக்களைப் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் வழக்கம் உண்டு. இந்த வழக்கங்களில் செடி வளர்ப்பவரின் அறிவும் இருக்கிறது. தைம், லாவெண்டர், கெமோமில், எல்டர் (வெள்ளைப் பூக்கொத்துள்ள ஒரு புதர்), ரோஜா எல்லாம் பூப்பதும் பூக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ இந்தச் சமயத்தில்தான். அந்த வாசனையைத் தேனில் பிடித்து வைக்கும் சடங்குக்கு நெருப்பே தேவையில்லை. தண்ணீர்க் கணக்கு மட்டும் தவறக் கூடாது.

தேன் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் அதில் ஈரம் மிகக் குறைவாக இருப்பது. நல்ல தேனில் 17, 18 விழுக்காடுதான் தண்ணீர். 19-ஐத் தாண்டினால், தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு அதைப் புளிக்க வைக்கும். பச்சை இலையிலோ சுமார் 80 விழுக்காடு தண்ணீர். அதைப் போட்டதும் தேன் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 17.5 விழுக்காடு ஈரமுள்ள 300 கிராம் தேனில் 52.5 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதில் 30 கிராம் பச்சை இலையைப் போட்டால் இன்னும் 24 கிராம் சேர்ந்து, ஈரம் 23 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இது கட்டாயம் புளிக்கும். அதே 30 கிராம் இலை வாடி 15 கிராமாகச் சுருங்கிய பிறகு போட்டாலும் 19.5-ஐத் தொடும். அதுவும் நம்ப முடியாத நிலைதான். முழுக்கக் காய்ந்து 7 கிராமுக்குக் குறைவாக ஆனபின் போட்டால் 18-ஐத் தாண்டாது. அலமாரியில் ஓராண்டு வைக்க வேண்டுமென்றால் காய்ந்த மூலிகை ஒன்றுதான் வழி. பச்சை வாசனை வேண்டும் என்பவர்கள் 20 கிராம் மட்டும் பறித்து, 10 கிராமாகும்வரை வாடவிட்டு, ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இலை வாடிவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பறித்ததும் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை தராசில் வையுங்கள்.

பறிப்பதற்குக் காலைதான் நல்ல நேரம்: பனி உலர்ந்திருக்க வேண்டும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. பனியோடு பறித்தால் உலர்த்தும் வேலை இரட்டிப்பாகும். உச்சி வெயிலில் பறித்தால் வாசனை எண்ணெய் காற்றோடு போயிருக்கும். தைம் பூக்கத் தொடங்கும்போதும், எலுமிச்சை மணமுள்ள லெமன் பாம் பூப்பதற்கு முன்பும், லாவெண்டர் கதிரில் மூன்றில் ஒரு பங்கு பூ மலர்ந்ததும் பறிக்க வேண்டும். ரோஜா இதழின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், கத்தரித்துவிடுங்கள். எல்டர் பூவைக் கழுவினால் மகரந்தம் போய்விடும், வாசனையே அதில்தான். பூச்சி போக உதறினால் போதும். அதன் பச்சைக் காம்பு வேண்டாதது, பூக்களை மட்டும் உருவி எடுங்கள். கெமோமில்லின் மஞ்சள் நடுப்பகுதி வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்றைப் பிட்டுப் பார்த்து, உள்ளும் பொடியாக உதிர்ந்தால்தான் ஜாடிக்குத் தயார்.

உலர்த்துவது எப்போதும் நிழலில், காற்றோட்டத்தில், துணிமேல் ஒற்றை அடுக்காக. கசக்கினால் இலை நொறுங்க வேண்டும். காம்பு வளையாமல் 'படக்'கென்று ஒடிய வேண்டும்.

நடுக்கோடைப் பூக்களில் பேர்போன செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைத் தேனில் போடாதீர்கள். மனச்சோர்வு மருந்து, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றின் செயல்பாட்டில் அது குறுக்கிடும். ஒரு கரண்டித் தேனாக யார் தட்டில் போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. சடங்குக்கு வேண்டுமானால் பூமாலையில் சேர்த்துக் கட்டுங்கள். காட்டில் பறிப்பவர்களுக்கு இன்னொன்று: குடை விரித்ததுபோல் வெள்ளைப் பூக்கொத்து உள்ள செடிகளில் கொடிய நஞ்சான ஹெம்லாக்கும் உண்டு. எல்டர் மரத்தண்டு கொண்ட புதர். ஹெம்லாக் மென்தண்டுச் செடி. சந்தேகம் இருந்தால் பறிக்கவே வேண்டாம்.

தேனைப் பொறுத்தவரை, வாசனை மெல்லியதாக இருப்பதே நல்லது. அகேசியா தேன் எல்லாவற்றிலும் சிறந்தது. பிரக்டோஸ் அதிகமாக இருப்பதால் நெடுநாள் உறையாது. குளோவர் தேனும் சரி. செஸ்நட், பக்வீட் தேன்கள் தம் மணத்தால் மூலிகையை அமுக்கிவிடும்.

250 மில்லி ஜாடி ஒன்றுக்கு 300 கிராம் தேன் சரியாக இருக்கும். ஒரு ஜாடிக்கு ஒரு மூலிகைதான். காய்ந்த தைம் என்றால் 8 கிராம், லெமன் பாம் என்றால் 8 கிராம், ரோஜா, எல்டர், கெமோமில் என்றால் 6 கிராம். லாவெண்டர் 3 கிராமுக்கு மேல் போனால் தேன் சோப்புபோல இருக்கும். கழுவிய ஜாடியை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, அடியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவிடுங்கள். மூலிகையைப் போட்டு, பாதி அளவு தேன் ஊற்றி, காய்ந்த மரக்குச்சியால் மெல்லக் கிளறினால் சிக்கிய காற்று மேலே வரும். பத்து நிமிடம் விட்டு மீதித் தேனையும் ஊற்றி இறுக்கி மூடுங்கள். மூடியில் மூலிகையின் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து நிறத்தைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

மூலிகையைவிடத் தேன் கனமானது. அதனால் இலைகள் எப்போதும் மேலே மிதந்து வரும், மேல் விளிம்பில் காற்றுப்பட்டுக் கறுக்கும். தினமும் ஒரு முறை ஜாடியைத் தலைகீழாக வையுங்கள், மறுநாள் நிமிர்த்துங்கள். சடங்கின் அன்றாடப் பகுதி இதுதான், விடாமல் செய்ய வேண்டியதும் இதுதான். ஜாடியைச் சன்னல் வெயிலில் வைப்பது அழகான வழக்கம்தான். ஆனால் ஒளியும் சூடும் தேனின் நொதிகளைக் கெடுக்கும். முதல் நாள் அந்தி வெளிச்சம் சிறிது பட்டால் போதும், பிறகு இருட்டான அலமாரிதான் அதன் இடம்.

ஜூன் 24-ல் மூடிய ஜாடி நான்கு வாரத்தில், ஜூலை 22-ல் தயாராகும். லாவெண்டரை மட்டும் பத்தாம் நாளிலிருந்தே ருசி பாருங்கள். பிடித்த பதம் வந்ததும் வடிகட்டுங்கள். அவசரமென்றால் மூடிய ஜாடியை 40 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் வைத்து, ஒரு வாரம் ஊறவிடலாம். அடுப்பில் கொதிக்க வைக்காதீர்கள். வாசனை ஆவியோடு போய், நிறம் கறுத்த பாகுதான் மிஞ்சும்.

வடிகட்டும் நாளில் ஜாடியை 40 டிகிரி நீரில் அரை மணி நேரம் வைத்து இளக்குங்கள். துணி தேனைக் குடித்துவிடும், எஃகு வடிகட்டியே மேல். மேலே மூடி, இரண்டு மூன்று மணி நேரம் தானாக வடியவிடுங்கள். பிழிந்தால் தூளும் கசப்பும் இறங்கும். தேன் ஒட்டிய மூலிகையை அன்றே வெந்நீரில் போட்டுத் தேநீராகக் குடிக்கலாம்.

முதல் இரண்டு நாள் குமிழி வந்தால் பயம் வேண்டாம், அது சிக்கிய காற்று. ஒரு வாரத்துக்குப் பிறகு வெண்ணுரை படர்ந்து, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று வந்து, சாராய நெடி அடித்தால் புளித்துவிட்டது என்று அர்த்தம். மூலிகையில் ஈரம் மிஞ்சியிருக்கிறது. பூஞ்சை கண்டால் மேலே மட்டும் வழித்துவிட்டு வைத்திருக்காதீர்கள், முழுவதும் கொட்டுங்கள். வெள்ளைப் பரல்களாக உறைந்தால் அது கெடுதல் அல்ல. வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும்.

எந்தத் தேனையும்போல இதையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளிகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பெரியவர்களைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பரிசாகக் கொடுக்கும் ஜாடியிலும் இதை எழுதி ஒட்டுங்கள்.